மைனஸ் 40-ஐத் தாங்கும் புதர், மைனஸ் 2-இல் தோற்பது ஏன்?

குளிர்நாட்டு நாற்றங்கால்களில் விற்கும் பிளாக்கரன்ட் (கறுப்பு நிறச் சிறு பழம் தரும் புதர்) செடியின் அட்டையில் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும்: மைனஸ் 35 டிகிரி செல்சியஸ், அல்லது மைனஸ் 40. அமெரிக்க வேளாண்துறையின் குளிர் மண்டலக் கணக்கில் இது மண்டலம் 3. ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 34-க்கும் மைனஸ் 40-க்கும் இடையே இறங்கும் ஊர்கள் அந்த மண்டலத்தில் வருகின்றன. அட்டையில் உள்ள எண் உண்மைதான். ஆனாலும் அதை நம்பி நட்டவர்களில் பலர் சில வருடங்களில் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். செடி நன்றாக இருக்கிறது, தழைத்திருக்கிறது, பூவும் பூத்தது. காய் மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

அந்த எண் நடுக்குளிர்காலத்தில், ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் கிளையின் தாங்குதிறனை மட்டுமே சொல்கிறது. இலையுதிர்காலத்தில் செடி எவ்வளவு சீக்கிரம் வளர்ச்சியை நிறுத்துகிறது, பனி உருகும்போது எவ்வளவு அவசரப்பட்டு விழிக்கிறது, பூ எந்த வாரத்தில் விரிகிறது என்பதெல்லாம் அட்டையில் வராது. ஒரு ரகம் குளிருக்கு ஏற்றதா என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். டைட்டானியா என்ற ஸ்வீடன் நாட்டு ரகத்தை முன்னிறுத்தி இதை விளக்க முயல்கிறேன். அதன் வம்சாவளியில் மூன்று வெவ்வேறு குளிர்நாடுகள் சேர்ந்திருக்கின்றன என்பதால், எந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க அது வசதியான ரகம்.

முதலில் செடிக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். ஜூன் மாதத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் இளந்தளிரை மைனஸ் 5 டிகிரியில் வைத்தால் கருகிவிடும். அதே கிளை ஜனவரியில் மைனஸ் 35-இலும் உயிரோடு நிற்கிறது. இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது குளிர் அல்ல, பகல் குறைவதுதான். கோடை முடியும் தறுவாயில் பகல் நேரம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் நுனி வளர்ச்சி நின்று, மொட்டுச் செதில்கள் இறுகுகின்றன. அடுத்த வருடத்துப் பூக்களும் அப்போதே அந்த மொட்டுகளுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அதாவது வரும் ஆண்டின் விளைச்சல் முழுவதும், கண்ணுக்குத் தெரியாத அளவில், அந்தக் குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும்.

பிறகு முதல் குளிர் இரவுகள் வரும்போது இரண்டாம் கட்டம். செல்களில் சர்க்கரை கூடுகிறது, செல் சவ்வின் கொழுப்புச் சேர்க்கை மாறுகிறது, வறட்சியிலும் உறைபனியிலும் செல்லைக் காக்கும் டீஹைட்ரின் வகைப் புரதங்கள் உருவாகின்றன. வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது செல்களுக்கு இடையில் இருக்கும் நீர்தான் முதலில் பனிக்கட்டியாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் மெல்ல வெளியே இழுக்கிறது. செல் சுருங்குகிறது, உள்ளிருக்கும் சாறு கெட்டியாகிறது. உள்ளே பனிக்கட்டி உருவாகாதவரை அது பிழைத்துக்கொள்ளும். நன்றாகப் பக்குவப்பட்ட கிளை இந்தச் சுருக்கத்தைத் தாங்கும். பக்குவப்படாத கிளை தாங்காது. ஆகவே நவம்பரில் திடீரென்று வரும் மைனஸ் 15, ஜனவரியின் மைனஸ் 35-ஐவிடப் பெரிய சேதத்தைச் செய்ய முடியும்.

நடுக்குளிர்காலத்தில் செடி எவ்வளவு வெயில் அடித்தாலும் விழிக்காது. குறிப்பிட்ட அளவு குளிர் நேரம் கணக்கில் ஏறினால்தான் உள் உறக்கம் கலையும். பல பிளாக்கரன்ட் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 1,000 மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். ஆனால் கடுங்குளிர் ஊர்களில் அந்தக் கணக்கு குளிர்காலம் முடிவதற்கு வெகு முன்பே நிறைந்துவிடுகிறது. அதற்குப் பின் செடியை நிறுத்திவைப்பது வெளிக்குளிர் ஒன்றுதான். பிப்ரவரி இறுதியில் நான்கைந்து நாள் இளவெப்பம் வந்தால் மொட்டு தன் கவசத்தைத் தளர்த்துகிறது. மறுபடி குளிர் வந்தால் ஓரளவு இறுக்கிக்கொள்ளும், பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. பழமரங்களிலும் பழப்புதர்களிலும் பிளாக்கரன்ட் முந்திக்கொண்டு துளிர்க்கும் வகை என்பதால் இந்த ஆபத்து அதற்கு அதிகம்.

கடைசியாகப் பூ. விரிந்த பிளாக்கரன்ட் பூ சுமார் மைனஸ் 2 டிகிரியில் செத்துவிடும். மைனஸ் 40-ஐக் கடந்து வந்த அதே புதரில்தான் இது நடக்கிறது. பூங்கொத்து சரமாகத் தொங்கும்; தண்டுக்கு அருகில் இருக்கும் பூக்கள் முதலில் விரியும், பெரிய பழம் தருபவையும் அவைதான். உறைபனி விழுந்த காலையில் பார்த்தால் பூ இதழ்கள் ஒன்றும் ஆகாதது போலவே தெரியும். ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் இருக்கும் சூலகமும் அதன் மேல் நிற்கும் சூல்தண்டும் பச்சையாக இருந்தால் பிழைத்தது, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தப் பூ இனிக் காயாகாது. சில நாளில் காம்பு மஞ்சளித்துக் கொட்டும். “பூ பூத்தது, காய் பிடிக்கவில்லை” என்ற புகாரில் பெரும்பகுதி இப்படி ஒரே இரவில் நடந்து முடிந்த கதைதான். மீதியில் கணிசமான பங்கு, பூக்கும் வாரத்தில் குளிரும் காற்றும் தேனீக்களை வெளியே வரவிடாததால் வருவது.

டைட்டானியா 1980களில் ஸ்வீடனில் வெளியிடப்பட்டது. ஒரு பக்கம் அல்தாய்ஸ்கயா தெசெர்த்னயா என்ற சைபீரிய ரகம். மறுபக்கம் கன்சார்ட் என்ற கனடா ரகத்தையும் கயானின் முஸ்தா என்ற பின்லாந்து ரகத்தையும் கலந்து பெற்ற செடி. இந்த வம்சாவளியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மூன்று முன்னோர்களும் வெவ்வேறு பிரச்சினைகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

அல்தாய் மலைப்பகுதியில் மிகயீல் லிசாவென்கோ 1930களில் தொடங்கிய தோட்டக்கலை நிலையம் இன்று பர்னாவுலில் அவர் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது. ஐரோப்பிய ரகங்கள் அங்கே உறைந்து செத்தன. அதனால் உள்ளூர்க் காட்டுச் செடிகளையும், கிழக்கு சைபீரியாவில் வளரும் ரைபீஸ் திகூஷா என்ற உறவு இனத்தையும் இனக்கலப்புக்கு எடுத்தார்கள். சைபீரியக் குளிர்காலம் நீளமானது, கடுமையானது, ஆனால் ஒழுங்கானது. ஒருமுறை உறைந்தால் வசந்தம்வரை உறைந்தே கிடக்கும். கோடை குறுகியது. ஆகவே அங்கே உருவான செடிகளுக்கு இரண்டு குணங்கள் ஆழமாகப் பதிந்தன: தாங்குதிறன் அதிகம், வசந்தம் வந்ததும் தாமதிக்காமல் விழிக்கும். அந்த இரண்டாவது குணம் சைபீரியாவில் வரம். குளிரும் இளவெப்பமும் மாறி மாறி வரும் கடலோர நாடுகளில் அதுவே சாபம். சைபீரிய ரகங்களை அங்கே கொண்டுபோய் நட்டால் பொய் வசந்தத்தை நம்பித் துளிர்த்து, அடுத்த பனியில் பூவைப் பறிகொடுக்கின்றன. மிகக் கடுமையான இடத்தில் பிழைத்த செடி எல்லா இடத்திலும் பிழைக்கும் என்ற நம்பிக்கை இயல்பானதுதான், ஆனால் பிளாக்கரன்ட்டில் அது பலிப்பதில்லை.

கயானி நகரம் பின்லாந்தில் 64-வது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்து வந்த செடிக்கு ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய கோடையின் நீண்ட பகல் பழகியது. பகல் சற்றே குறைந்தாலும் குளிர்காலம் வருகிறது என்று புரிந்துகொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். இந்தக் குணத்தை அப்படியே எடுத்துத் தெற்கே நட்டால் அங்கே கோடையிலேயே பகல் அந்த அளவுக்குக் குறைவாக இருப்பதால், செடி காலத்துக்கு முன்பே நின்றுவிடும். கிளை குட்டையாகும், அடுத்த வருடக் காய்ப்பு குறையும். தெற்கத்திச் செடியை வடக்கே கொண்டுபோனால் நேர் எதிர்: செப்டம்பரிலும் தளிர்விட்டுக்கொண்டிருந்து நுனி கருகும். ரகம் வாங்கும்போது அது எந்த அட்சரேகையில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பார்ப்பதை நான் வலியுறுத்துவது இதனால்தான். அட்டை எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

மூன்றாவது முன்னோரான கன்சார்ட்டின் கதை நோயிலிருந்து தொடங்குகிறது. குரோனார்டியம் ரைபிகோலா என்ற துருநோய்ப் பூஞ்சைக்கு வாழ இரண்டு வீடு வேண்டும்: ஊசியிலைகள் ஐந்தைந்தாகச் சேர்ந்து வளரும் ஐந்தூசிப் பைன் மரம் ஒன்று, பிளாக்கரன்ட் குடும்பச் செடி மற்றொன்று. பைனில் அது பட்டையைத் தின்று மரத்தையே கொல்லும். பிளாக்கரன்ட்டில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுத் தூளாகப் படர்ந்து இலைகளை உதிர்க்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாற்றுகளோடு இது வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. ஐந்தூசி வகையைச் சேர்ந்த வெள்ளைப் பைன் மரத் தொழிலைக் காப்பாற்ற அமெரிக்க மத்திய அரசு பிளாக்கரன்ட் வளர்ப்பைத் தடைசெய்து, காடுகளில் இருந்த உறவுச் செடிகளையும் ஆட்களை விட்டுப் பிடுங்கியெறிந்தது. மத்தியத் தடை 1966-இல் நீங்கியது. முடிவு மாநிலங்களிடம் போனது. நியூயார்க் மாநிலம் 2003-இல்தான் கதவைத் திறந்தது. இன்றும் சில மாநிலங்களில் நடுவதற்கு அனுமதி வேண்டும், சிலவற்றில் அனுமதியே இல்லை.

அந்தத் தடைக்காலத்தில் கனடாவின் ஒட்டாவாவில் இருந்த மத்தியப் பரிசோதனைப் பண்ணை வேறு வழியில் சிந்தித்தது. ரஷ்ய-சீன எல்லையில் ஓடும் உசூரி ஆற்றுப்பகுதியின் ரைபீஸ் உசுரியென்ஸ் என்ற காட்டினத்தைத் துரு தொடுவதில்லை. அதைக் கெர்ரி என்ற ரகத்தோடு கலந்து, 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் குரூசேடர், கொரோனெட், கன்சார்ட் என்ற மூன்று ரகங்களைக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பாற்றல் ஒரே ஒரு ஓங்கு மரபணுவில் இருந்ததால் சந்ததிகளில் அதைத் தேடிப் பிடிப்பது எளிதாக இருந்தது. கன்சார்ட் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், கடுங்குளிர் தாங்கும். குறை என்னவென்றால் இலையில் வெண்தூளாகப் படரும் சாம்பல் நோய்க்கு அது இலகுவில் பணிந்துவிடும், பழத்தின் வாசமும் பலருக்குப் பிடிக்காது.

டைட்டானியாவின் சாதனை, இந்த மூவரின் குறைகளை ஒருவரை வைத்து மற்றவரை ஈடுகட்டியதுதான். துருவுக்கு எதிர்ப்பாற்றல் கன்சார்ட் வழியே வந்தது. சாம்பல் நோயையும் நன்றாகத் தாங்குகிறது. ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து வளரும் வலுவான புதர், பெரிய பழம், இயந்திர அறுவடைக்கும் ஒத்துவரும் அமைப்பு. போலந்தில் பின்னர் வந்த டிபென், டிசெல் ரகங்கள் இதன் வழித்தோன்றல்கள்; ஐரோப்பிய ஒன்றியத்தில் மிக அதிகம் பிளாக்கரன்ட் விளைவிப்பது போலந்துதான்.

நோய் எதிர்ப்பாற்றலைக் குளிர்தாங்கும் திறனோடு ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்று தோன்றலாம். ஆகஸ்டில் துருவாலோ சாம்பல் நோயாலோ இலையை இழந்த புதரிடம் இலையுதிர்காலத்தில் சேமிக்கச் சர்க்கரை இருக்காது. சர்க்கரை இல்லாத கிளை பக்குவப்படாது. ஜனவரியில் அது உறைந்து சாகும்போது நாம் குளிரைக் குறைசொல்வோம். கடுங்குளிர் ஊரில் அறுவடைக்குப் பிந்தைய ஆறு வாரம் இலைகளைக் காப்பாற்றுவதுதான் குளிர்காலத்துக்கான உண்மையான தயாரிப்பு. அந்த நேரத்தில் மண் காய்ந்தால் தண்ணீர் விட வேண்டும். தழைச்சத்து உரத்தை மட்டும் கோடை நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும். பிந்திப் போட்டால் பிந்தித் துளிர்க்கும்.

ஆனால் ஒற்றை மரபணுவை நம்பிய எதிர்ப்பாற்றல் நிலையானதல்ல. 2011-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டைட்டானியா புதர்களிலேயே துரு கண்டுபிடிக்கப்பட்டது. பூஞ்சை அந்த மரபணுவைத் தாண்டும் புது வகையாக மாறியிருந்தது. ஆகவே வட அமெரிக்காவில் ஐந்தூசிப் பைன் இருக்கும் இடத்துக்கு அருகே நடுபவர்கள், “துருவே வராத ரகம்” என்று விற்பவர் சொல்வதை 1990களின் தகவலாக எடுத்துக்கொண்டு, இன்றைய உள்ளூர் விதியைக் கேட்டுவிட்டு நட வேண்டும். பிளாக்கரன்ட்டிலிருந்து பைனுக்குப் போகும் பூஞ்சை வித்துகள் சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. பைனிலிருந்து வருபவை பல நூறு கிலோமீட்டர் பறக்கும். உங்கள் ஒரு புதர் பக்கத்துக் காட்டுக்கு ஆபத்தாகலாம். எங்கோ தொலைவில் இருக்கும் காடும் உங்கள் புதருக்கு ஆபத்தாகலாம்.

டைட்டானியா ஒன்றே விடையல்ல. ஸ்வீடனின் வடக்கில், 65-வது அட்சரேகையில் உள்ள ஓயெபின் ஊரின் பெயரைத் தாங்கிய ரகம் பின்லாந்துத் தோட்டங்களைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. நீண்ட பகலும் நீண்ட பனிக்காலமும் உள்ள ஊருக்கு இன்றும் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஸ்காட்லாந்து வேறு திசையில் போனது. அங்கே குளிர்காலம் புதரைக் கொல்லவில்லை. வசந்தப்பனிதான் விளைச்சலைக் கொன்றது. டண்டி அருகே உள்ள இன்வர்கவ்ரி ஆராய்ச்சி நிலையம் நார்டிக் நாட்டு ரகங்களையும் கன்சார்ட்டையும் கலந்து, பிந்திப் பூக்கும் பென் லோமண்ட் ரகத்தை 1975-இல் வெளியிட்டது. மலைகளின் பெயர் தாங்கிய பென் வரிசை அங்கிருந்து நீண்டது. அதில் பென் கெய்ர்ன் ரகத்துக்குச் சைபீரிய கலூப்கா ஒரு பெற்றோர். சைபீரியாவிலிருந்து இம்முறை அவர்கள் எடுத்துக்கொண்டது குளிர்தாங்கும் குணத்தையல்ல. மொட்டுக்குள் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன் பரப்பும் ரிவர்ஷன் வைரஸுக்கு எதிரான ஆற்றலை. அந்த வைரஸ் வந்த புதருக்கு மருந்தில்லை, வேரோடு பிடுங்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் கூர்மையான மொட்டுகளுக்கு நடுவே சில மட்டும் பட்டாணி போல் உருண்டு வீங்கியிருந்தால் உள்ளே சிலந்திப்பேன் குடியிருக்கிறது என்று பொருள். டைட்டானியாவும் இதற்கு விலக்கல்ல. அந்த மொட்டுகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்கள் ஊரில் எது கொல்கிறது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். நடுக்குளிர்காலத்தில் கிளைகளே சாகின்றன என்றால் ஓயெபின், டைட்டானியா, அல்லது சைபீரிய, பெலாரஸ் ரகங்கள். புதர் நன்றாக இருந்து பூ மட்டும் கருகினால் பிந்திப் பூக்கும் ரகம் தேவை. இன்னும் அதிகக் குளிர்தாங்கும் செடியை வாங்கினால் நிலைமை மோசமாகத்தான் செய்யும். இரண்டில் எதுவென்று தெரியாவிட்டால் மார்ச்சில் சில மொட்டுகளை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையாக இருந்தால் குளிர்காலத்தைக் கடந்துவிட்டது. பழுப்பாக இருந்தால் பழி குளிர்காலத்தின் மேல். முடிந்தால் வெவ்வேறு வாரத்தில் பூக்கும் இரண்டு ரகங்களை நடுங்கள். ஒரே இரவுப் பனி இரண்டையும் சேர்த்து அழிக்காது, அயல் மகரந்தம் கிடைத்தால் தானே காய்க்கும் ரகமும் கூடுதலாகக் காய்க்கும்.

இடத்தேர்வு ரகத்தேர்வுக்குச் சமம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அந்தப் பள்ளத்தில் நட்டால் பக்கத்து மேட்டைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல் குளிர். மைனஸ் 2-இல் சாகும் பூவுக்கு அந்த வித்தியாசமே போதும். வீட்டின் தெற்குச் சுவரோரம் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அங்கே நடுபவர்கள் உண்டு. அங்கேதான் செடி முந்தி விழிக்கும். லேசான வடக்குச் சரிவு, மெதுவாகச் சூடேறும் மண், இவைதான் பிளாக்கரன்ட்டுக்கு நல்லவை.

நடும்போது நாற்றங்காலில் இருந்ததைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழமாக வைத்து, மேல்கிளைகளை இரண்டு மூன்று மொட்டு விட்டு வெட்டிவிட வேண்டும். புதிய செடியை இப்படி வெட்ட மனம் வராது. ஆனால் மண்ணுக்குள் போன மொட்டுகளிலிருந்துதான் தூர் கட்டும். எந்தக் குளிர்காலத்திலாவது மேல்பகுதி முழுதும் செத்தாலும் அந்த அடிமொட்டுகள் புதரை மீட்டுவிடும். வேர் மேலாகவே ஓடுவதால் நல்ல மூடாக்கு தேவை. பனியை வாரி வேறெங்கும் கொட்டாமல் புதரின் மேலேயே விடுங்கள். வெளியே மைனஸ் 30 என்றாலும் அரை மீட்டர் பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். தொட்டியில் வளர்ப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்: வேருக்குக் கிளையளவு தாங்குதிறன் கிடையாது. மைனஸ் 40 தாங்கும் ரகம் என்ற நம்பிக்கையில் தொட்டியை வெளியே விட்டால் வேர் செத்துவிடும். தொட்டியை மண்ணில் புதையுங்கள், அல்லது உறையும் நிலையை ஒட்டிய கொட்டகையில் வையுங்கள்.

கவாத்தும் குளிரோடு தொடர்புள்ளதுதான். போன வருடம் வளர்ந்த கிளையில்தான் நல்ல காய்ப்பு வரும். மூன்று நான்கு வயதான கிளைகளை, கறுத்த பட்டையை வைத்து அடையாளம் கண்டு, உறக்க காலத்தில் தரையோடு வெட்டி எடுத்தால் புதிய கிளைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். வெளிச்சத்தில் வளர்ந்த கிளைதான் இலையுதிர்காலத்தில் சரியாக முதிரும்.

பூக்கும் வாரத்தில் உறைபனி எச்சரிக்கை வந்தால் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு துணிப்போர்வை போதும், இலையைத் தொடாமல் குச்சி நட்டு மூட வேண்டும். பெரிய தோட்டங்களில் இரவு முழுவதும் நீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் பூவைப் பூஜ்ஜியத்துக்கு அருகே நிறுத்திவைக்கிறது. தொடங்கிவிட்டால் காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஆவியாகும் நீர் இருக்கும் வெப்பத்தையும் பறித்துக்கொண்டு போகும்.

இப்போது இந்தக் கணக்கெல்லாம் மாறிவருகிறது. பிரிட்டன் போன்ற இடங்களில் குளிர்காலம் இளகியதால் சில வருடங்களில் உறக்கம் கலையத் தேவையான குளிர் நேரமே கிடைப்பதில்லை. குளிர் போதாத புதர் சீராகத் துளிர்க்காது. ஒரே கிளையில் பூவும் காயும் பழமும் கலந்து நிற்கும். இயந்திரத்தால் அறுவடை செய்ய முடியாது. அங்கே இனப்பெருக்க ஆய்வாளர்கள் குறைந்த குளிரில் விழிக்கும் ரகங்களைத் தேடுகிறார்கள். வடக்கில் வேறு நெருக்கடி. குளிரின் கடுமை குறைந்தாலும் ஒழுங்கு குலைந்துவிட்டது. ஜனவரியில் மழை, பிப்ரவரியில் இளவெப்பம், மார்ச்சில் மைனஸ் 20. சைபீரிய ரத்தம் கூடுதலாக உள்ள ரகங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் மிகக் கடினம். புதிதாக நடுபவர்கள் கடந்த முப்பது ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவைத் தேடுவதோடு, கடந்த பத்து ஆண்டில் தங்கள் ஊரில் கடைசி உறைபனி எந்தத் தேதியில் விழுந்தது என்றும் பார்த்துவிட்டு, அதற்குப் பின் பூக்கும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.